ஸ்மார்ட் சுவிட்சும் ஆம்ப்ளிஃபயரும்: முதல் நூறில் ஒரு நொடியில் நடப்பது

கைபேசிச் செயலியில் ‘ஆஃப்’ என்று காட்டிக்கொண்டிருந்த என் ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியில் ஒரு நாள் காலையில் தற்செயலாகக் கை பட்டபோது, இரவு முழுக்க அணைந்து கிடந்திருக்க வேண்டிய அந்தப் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. செயலியில் ‘ஆன்’ அழுத்தினேன், பிறகு ‘ஆஃப்’ அழுத்தினேன். திரையில் எழுத்து மாறியதே தவிர, ஆம்ப்ளிஃபயரைச் செருகியிருந்த, செயலியின் கட்டளைக்கு இயங்கும் ஸ்மார்ட் பிளக்கிலிருந்து வழக்கமாகக் கேட்கும் ‘டிக்’ என்ற ஓசை வரவில்லை, ஆம்ப்ளிஃபயரின் சிறு விளக்கும் அணையவில்லை. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதன் ஓட்டைப் பிரித்து, உள்ளே இருந்த, மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயின் பிளாஸ்டிக் கூட்டையும் நீக்கிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஒன்றையொன்று தொட்டும் விலகியும் மின்சாரத்தைக் கொடுத்தும் நிறுத்தியும் வரவேண்டிய இரண்டு சிறு உலோகக் குமிழ்கள், பற்றவைத்ததுபோல ஒட்டிப்போயிருந்தன. அந்த ரிலேயின்மேல் ‘16 ஆம்பியர்’ என்று அச்சிட்டிருந்தது. என் ஆம்ப்ளிஃபயரோ முழுத் திறனில் ஓடினாலும் 2 ஆம்பியரைச் சற்றே தாண்டுவது.

16 ஆம்பியர் தாங்கும் என்று சொல்லப்பட்ட சுவிட்ச் 2 ஆம்பியர் கருவியிடம் எப்படித் தோற்றது என்ற கேள்விக்கான விடைதான், வீட்டுத் தானியக்கச் சுவிட்சுகளை ஒலிக்கருவிகளோடு இணைக்க விரும்பும் ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. சுவிட்சின்மேல் அச்சிடப்படும் ஆம்பியர் எண், பெரும்பாலும் இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கெட்டில் போன்ற வெறும் மின்தடைச் சுமைகளுக்கு உரியது. அப்படிப்பட்ட கருவி, சுவிட்ச் போட்ட கணத்திலும் ஒரு மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் இழுக்கும். ஆம்ப்ளிஃபயர் அப்படியல்ல. அது ஓடும்போது சாதுவாக இருந்தாலும், சுவிட்ச் போட்ட முதல் சில நூறில் ஒரு நொடிகளில், வழக்கமாக இழுப்பதைப்போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் மின்னோட்டத்தை இழுக்கக்கூடியது. சுவிட்சைக் கெடுப்பது பாட்டு ஒலிக்கும் மணிக்கணக்கான நேரமல்ல, இந்தத் தொடக்கப் பாய்ச்சல்தான்.

தொடக்கப் பாய்ச்சல் எங்கிருந்து வருகிறது

பழைய முறையில் கட்டப்பட்ட, தூக்கினால் கனக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்குள் ஒரு பெரிய மின்மாற்றி இருக்கும். நல்ல கருவிகளில் அது பெரும்பாலும் டொராய்டல் எனப்படும் வளைய வடிவ மின்மாற்றி. இரும்பு உள்ளகத்தைச் சுற்றிய செம்புக் கம்பிதான் மின்மாற்றி. கம்பியில் ஓடும் மாறுமின்னோட்டம் உள்ளகத்தில் காந்தப் பாயத்தை ஏற்றி இறக்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தால் கம்பியில் எழும் எதிர் மின்னழுத்தமே மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பாய்வதைத் தடுத்துவைக்கிறது. உள்ளகம் ஏற்கக்கூடிய காந்தப் பாயத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் உள்ளகம் தெவிட்டிப்போகும், எதிர் மின்னழுத்தம் சரிந்துவிடும், பிறகு மின்னோட்டத்தைத் தடுக்கக் கம்பியின் வெறும் மின்தடையைத் தவிர வேறொன்றும் பெரிதாக மிஞ்சாது.

ஓடிக்கொண்டிருக்கும் மின்மாற்றியில், ஓர் அரைச் சுற்றுக்குள் காந்தப் பாயம் ஒரு திசையின் உச்சியிலிருந்து மறு திசையின் உச்சிவரை நகர்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த அரைச் சுற்று நூறில் ஒரு நொடி. இப்போது மின்மாற்றி அணைந்திருக்கிறது, காந்தப் பாயம் சுழியத்தில் இருக்கிறது, மின்னழுத்தமும் சரியாகச் சுழியத்தைக் கடக்கும் கணத்தில் நாம் சுவிட்ச் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தப் பாயம் அதே முழுத் தூரத்தைத்தான் நகர வேண்டும். ஆனால் எதிர் உச்சியிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்குவதால், வழக்கமான உச்சியைப்போல இரு மடங்கு உயரத்துக்குப் போய்விடும். அவ்வளவைத் தாங்கும்படி எந்த உள்ளகமும் செய்யப்படுவதில்லை. வளைய வடிவ உள்ளகத்தில் காற்றிடைவெளி இல்லாததால், முந்தைய முறை அணைத்தபோது தங்கிய மிச்சக் காந்தமும் கூடுதலாகவே இருக்கும். அது இந்தத் திசையிலேயே இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

இதை ஒரு கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். 500 வோல்ட்-ஆம்பியர் அளவுள்ள ஒரு டொராய்டல் மின்மாற்றி, 230 வோல்ட் மின்சாரத்தில் முழுச் சுமையோடு ஓடும்போது எடுப்பது சுமார் 2.2 ஆம்பியர். அதன் முதன்மைச் சுருளின் மின்தடையும் வீட்டு வயரிங்கின் மின்தடையும் சேர்ந்து 3 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டின் உச்ச மதிப்பான 325 வோல்ட்டை 3 ஆல் வகுக்க வரும் 108 ஆம்பியர்தான் அந்தப் பாய்ச்சலின் மேல் எல்லை. நடைமுறையில் அந்த எல்லையை முழுதாகத் தொடாவிட்டாலும், பல பத்து ஆம்பியர் என்பது சாதாரணம். 120 வோல்ட் நாடுகளில் மின்னழுத்தம் பாதியானாலும் முதன்மைச் சுருளின் மின்தடை அதைவிடக் குறைவாக இருக்கும் என்பதால் ஆறுதல் கொள்ள இடமில்லை.

மின்மாற்றிக்குப் பின்னால் இன்னொரு பசி காத்திருக்கிறது. நேர்மின்னோட்டத்தைச் சீராக்க வைத்திருக்கும் மின்தேக்கிகள், ஒவ்வொன்றும் 10,000 மைக்ரோஃபாரட் அளவில், காலியாக இருக்கும் நிலையில் குறுக்குச் சுற்றுக்குச் சமம். அவை நிரம்பும்வரை மின்மாற்றியிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். எடை குறைந்த புதிய கருவிகளில் கனத்த மின்மாற்றி இருக்காது. மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி மின்னழுத்தத்தை மாற்றும் சுவிட்ச் மோட் மின்வழங்கி இருக்கும். அதில் மின்தேக்கி நேரடியாக வீட்டு மின்சாரத்தின் பக்கமே அமர்ந்திருப்பதால், மின்னழுத்தம் உச்சியில் இருக்கும் கணத்தில் சுவிட்ச் விழுந்தால் கூர்மையான, மிகக் குறுகிய பாய்ச்சல் ஒன்று கட்டாயம் வரும். எடை குறைந்த கருவி என்பதால் பாய்ச்சலும் குறைவாக இருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது.

ரிலேயின் தொடுமுனைகள் மூடும்போது ஒரே அடியாக மூடுவதில்லை. தரையில் விழுந்த பந்துபோல ஆயிரத்தில் சில நொடிகளுக்குத் துள்ளித் துள்ளித்தான் அமரும். ஒவ்வொரு துள்ளலிலும் முனைகளுக்கு இடையே சிறு தீப்பொறி எழுந்து உலோகத்தின் மேற்பரப்பை உருக்குகிறது. உருகிய பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து ஆறிவிட்டால் அது பற்றவைப்பேதான். பெரும்பாலான நாட்களில் ரிலேயின் வில்லுக்கு அந்த ஒட்டைப் பிரிக்கும் வலு இருக்கும். ஒரு நாள் இருக்காது. என் பிளக் ஏறக்குறைய ஓராண்டு ஒழுங்காக வேலை செய்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றதற்குக் காரணம் இதுதான். ‘எனக்கு ஆறு மாதமாக ஒன்றும் ஆகவில்லையே’ என்று யாராவது சொன்னால், அதைப் பாதுகாப்புக்கான சான்றாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

ரிலேயா, ட்ரையாக்கா

வீட்டுத் தானியக்கம் புதிய விஷயமல்ல. ஸ்காட்லாந்தின் கிளென்ரோத்ஸில் இருந்த பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 1975 இல் உருவாக்கிய எக்ஸ்-10 என்ற முறை, வீட்டு மின்கம்பிகளின் வழியாகவே 120 கிலோஹெர்ட்ஸ் குறிகைகளை அனுப்பி விளக்குகளையும் கருவிகளையும் இயக்கியது. அந்த முறையில் இரு வகை இணைப்புப் பெட்டிகள் இருந்தன: விளக்குக்கானது ஒன்று, கருவிகளுக்கானது மற்றொன்று. விளக்குப் பெட்டிக்குள் இருந்தது ட்ரையாக் எனப்படும் குறைகடத்திச் சுவிட்ச். கருவிப் பெட்டிக்குள் இருந்தது உலோக முனைகள் கொண்ட ரிலே. அந்தப் பிரிவினை இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது, இன்று வாங்கும் பெட்டியின் அட்டையில் அது அவ்வளவு தெளிவாக எழுதப்படுவதில்லை என்பதுதான் வேறுபாடு.

ட்ரையாக் கொண்ட டிம்மர், மின்னழுத்த அலையின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் அனுப்பி விளக்கின் ஒளியைக் குறைக்கிறது. விளக்குக்கு அது பொருந்தும். வெட்டப்பட்ட அலை மின்மாற்றிக்குள் போனால், மேல் பாதியும் கீழ்ப் பாதியும் இம்மியளவு வேறுபட்டாலும் ஒரு நேர்மின்னோட்டக் கூறு உண்டாகி உள்ளகத்தைத் தெவிட்ட வைக்கும். மின்மாற்றி உறுமும், சூடேறும். சுவிட்ச் மோட் கருவிக்குள் போனாலோ ஒவ்வோர் அரைச் சுற்றிலும் மின்தேக்கிமேல் கூர்மையான மின்னோட்டம் பாயும், அதாவது ஒருமுறை வரவேண்டிய தொடக்கப் பாய்ச்சல் நொடிக்கு நூறு முறை வரும். டிம்மரை முழு ஒளியில் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். முழு ஒளியிலும் பல டிம்மர்கள் அலையின் ஓரத்தைச் சிறிது வெட்டவே செய்கின்றன. யாராவது செயலியில் விரலைத் தவறுதலாக இழுத்துவிடும் ஆபத்தும் எப்போதும் இருக்கிறது. ஒலிக்கருவிக்கு டிம்மர் கூடாது; இதில் விதிவிலக்கு ஒன்றும் இல்லை.

நியூட்ரல் கம்பி இல்லாத பழைய சுவிட்ச் பெட்டிகளுக்கென்று விற்கும் ஸ்மார்ட் சுவிட்சுகளையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டும். அவை அணைந்திருக்கும்போதும் தாம் உயிரோடு இருப்பதற்கான சிறு மின்னோட்டத்தை எதிரே இணைக்கப்பட்ட கருவியின் வழியாகவே கசியவிடுகின்றன. விளக்கு அதைப் பொறுத்துக்கொள்ளும். மின்வழங்கிக்குள் அந்தக் கசிவு மெதுவாகச் சேர்ந்து, கருவி அரைகுறையாக விழித்துக்கொள்வதும் மீண்டும் உறங்குவதுமாகத் தடுமாறக்கூடும்.

அசையும் உலோக முனைகளுக்குப் பதில் குறைகடத்தியால் இயங்குவதால் தீப்பொறியே வராத திடநிலை ரிலேக்கள் இதற்குத் தீர்வாகுமே என்ற எண்ணம் இயல்பாக எழும். அவற்றில் பெரும்பாலானவை மின்னழுத்தம் சுழியத்தைக் கடக்கும் கணத்தில் இயங்கும்படி செய்யப்படுகின்றன. சுவிட்ச் மோட் கருவிக்கு அது நல்ல கணம், மின்தேக்கி மெல்ல நிரம்பத் தொடங்கும். மின்மாற்றிக்கோ, மேலே கண்டபடி, அதுவே மிக மோசமான கணம். மின்மாற்றிக்கு உகந்தது மின்னழுத்தம் உச்சியில் இருக்கும் கணம். ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு நஞ்சாகும் இடம் இது. உங்கள் கருவிக்குள் எது இருக்கிறது என்று தெரியாமல் சுவிட்சைத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? ரிலேயின் தகவல் தாளில் டிவி-5, டிவி-8 என்ற குறியீடுகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். தொடக்கப் பாய்ச்சலைத் தாங்கும் திறனைச் சோதித்துத் தரும் மதிப்பீடு அது: டிவி-5 என்றால் 5 ஆம்பியர் ஓட்டத்தோடு 78 ஆம்பியர் பாய்ச்சலையும், டிவி-8 என்றால் 8 ஆம்பியர் ஓட்டத்தோடு 117 ஆம்பியர் பாய்ச்சலையும் தாங்கும் என்று பொருள். தொடுமுனைகள் வெள்ளி-வெள்ளீய ஆக்சைடால் ஆனவை என்று குறிப்பிட்டிருந்தால் அதுவும் நல்ல அறிகுறி. அந்தக் கலவை எளிதில் ஒட்டிக்கொள்ளாது. இந்த விவரங்கள் எதையும் தராமல் ‘16 ஆம்பியர்’ என்ற ஒற்றை எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டிருக்கும் பிளக்கை, சிறு ஸ்பீக்கருக்கும் ரேடியோவுக்கும் பயன்படுத்தலாம். கனத்த ஆம்ப்ளிஃபயருக்கு நான் பயன்படுத்தமாட்டேன்.

இரண்டு மூன்று ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கும் இடத்தில், ஸ்மார்ட் சுவிட்ச் ஒரு கான்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்துக்கான ரிலேயின்) சுருளை மட்டும் இயக்க, கான்டாக்டரின் தடித்த முனைகள் ஆம்ப்ளிஃபயர்களுக்கு மின்சாரம் கொடுக்கும்படி எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அமைத்துக்கொள்வது சரியான வழி. சுவிட்ச் போட்டதும் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது என்ற புகாருக்கும் தொடக்கப் பாய்ச்சலே காரணம். பி வகை எம்சிபி தன் மதிப்பைப்போல 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தில் உடனே துண்டிக்கும். சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுத்துக்கொள்ளும். எந்த வகை பொருந்தும் என்பது வயரிங்கையும் பொறுத்தது என்பதால், அந்த மாற்றத்தையும் எலெக்ட்ரீஷியனே செய்ய வேண்டும்.

துண்டிப்பதைவிடச் சொல்வது மேல்

இத்தனைக்கும் பிறகு நான் சொல்ல விரும்புவது, முடிந்தவரை ஆம்ப்ளிஃபயரின் மின்சாரத்தை ஸ்மார்ட் சுவிட்ச் நேரடியாகத் தொடாமலே இருக்கட்டும் என்பதுதான். பல ஆம்ப்ளிஃபயர்களின் பின்புறம் ‘ட்ரிகர்’ என்ற பெயரில் 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கும். எதற்கென்றே தெரியாமல் பலர் அதை ஆண்டுக்கணக்கில் தூசி படிய விட்டிருப்பார்கள். அந்தத் துளையில் 12 வோல்ட் நேர்மின்னழுத்தம் வந்தால் ஆம்ப்ளிஃபயர் தானே விழித்துக்கொள்ளும், நின்றால் தானே உறங்கப்போகும். கருவியை வடிவமைத்தவர், தன் மின்மாற்றியின் குணம் அறிந்து, அதற்கேற்ற ரிலேயையும் தொடக்கப் பாய்ச்சலை அடக்கும் மென்தொடக்கச் சுற்றையும் உள்ளேயே வைத்திருப்பார். வெளியிலிருந்து நாம் செய்யவேண்டியது ‘எழுந்திரு’ என்று ஒரு சொல் சொல்வது மட்டுமே.

அதற்கு ஆகும் பொருள் மிகச் சிறியது. 12 வோல்ட் நேர்மின்னழுத்தம் தரும் ஒரு சிறு அடாப்டரை ஸ்மார்ட் பிளக்கில் செருகி, அதன் வெளியீட்டை 3.5 மில்லிமீட்டர் மோனோ முனை கொண்ட கம்பியின் வழியாக ட்ரிகர் துளைக்குக் கொண்டுபோனால் வேலை முடிந்தது. ஸ்மார்ட் பிளக் இப்போது சில வாட் மட்டுமே எடுக்கும் அடாப்டரைத்தான் துண்டித்து இணைக்கிறது. கம்பியின் எந்த முனை நேர்முனை, அந்தக் கருவி எத்தனை வோல்ட் வரை ஏற்கும் என்பதை மட்டும் கருவியின் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், ஊகித்துச் செய்யவேண்டாம். ட்ரிகர் இல்லாத கருவிகள் வீட்டு வலைப்பின்னல் வழியாகவோ, ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர் வழியாகவோ கட்டளை ஏற்குமா என்று அடுத்துப் பார்க்கலாம். மின்சாரத்தைத் துண்டிப்பது இவை எதுவும் இயலாதபோது கடைசியாக எடுக்கும் வழி.

மென்தொடக்கச் சுற்று பற்றி ஒரு சொல். பல கருவிகளில் அந்த வேலையைச் செய்வது, குளிர்ந்திருக்கும்போது அதிக மின்தடையும் சூடானதும் மிகக் குறைந்த மின்தடையும் காட்டும் தெர்மிஸ்டர் என்ற சிறு வட்டு. முதல் கணத்தில் மின்னோட்டத்தைத் தடுத்துப் பிடித்து, சூடேறச் சூடேற வழிவிடும். ஆனால் அது மீண்டும் ஆறுவதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அணைத்த ஐந்தாவது நொடியில் மறுபடி போட்டால், வட்டு சூடாகவே இருக்கும், பாய்ச்சல் தடையின்றி உள்ளே வரும். கையால் சுவிட்ச் போடும் மனிதர் இப்படி அடிக்கடி செய்வதில்லை. தவறாக எழுதிய தானியக்க விதி செய்யும். அதனால், ஒருமுறை அணைத்தால் குறைந்தது 2 நிமிடம் கழித்தே மீண்டும் இயங்க வேண்டும் என்ற நிபந்தனையை விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

எது முதலில், எது கடைசியில்

பாட்டு புறப்படும் இடத்திலிருந்து ஸ்பீக்கரை நோக்கிப் போகும் வரிசையிலேயே மின்சாரமும் போக வேண்டும்: முதலில் பாட்டைத் தரும் கருவி, அடுத்து ஒலிக்குறிகையைத் தயார் செய்து அனுப்பும் ப்ரீஆம்ப், எல்லாம் நிலைபெற்ற பிறகு கடைசியாக, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது தலைகீழ் வரிசை. மின்சாரம் வந்த முதல் சில நொடிகளில் ப்ரீஆம்பின் வெளியீட்டில் மின்னழுத்தம் குதித்து அடங்கும். அப்போது பவர் ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே விழித்திருந்தால் அந்தக் குதிப்பைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். ‘தொம்’ என்ற அந்த ஓசையின்போது ஊஃபரின் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கரின்) வலையை எடுத்துவிட்டுப் பார்த்தால், கூம்பு பாட்டின் எந்த அதிர்வுக்கும் நகராத அளவு ஒரு பக்கமாகத் தாவித் திரும்புவதைக் கண்ணாலேயே காணலாம். ஓரிரு முறை நடந்தால் ஸ்பீக்கர் பிழைத்துக்கொள்ளும். தினம் காலையும் மாலையும் நடப்பதை எந்த ஸ்பீக்கரின் சுருளுக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இயக்கும்போது ஒவ்வொரு படிக்கும் இடையில் 5 முதல் 10 நொடி போதும். அணைக்கும்போது கூடுதல் பொறுமை வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயரின் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள்: மின்தேக்கிகளில் சேர்ந்திருக்கும் ஆற்றலால் பாட்டு சில நொடிகள் தொடர்ந்து ஒலித்து, பிறகே தேய்ந்து மறையும். அந்த நொடிகளில் ப்ரீஆம்பை அணைத்தால் ‘தொம்’ ஓசை வரவே செய்யும். பவர் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தி அரை நிமிடம் கழித்து மற்றவற்றை நிறுத்தும்படி விதி எழுதுவது நல்லது. ஒரே ஸ்மார்ட் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி அதில் எல்லாக் கருவிகளையும் மாட்டிவிட்டால் இந்த வரிசையும் கெடும், எல்லாக் கருவிகளின் தொடக்கப் பாய்ச்சலும் ஒரே ரிலேயின்மேல் ஒரே கணத்தில் விழும்.

மின்சாரத்தை வெளியிலிருந்து துண்டிக்கவே கூடாத கருவிகளும் உண்டு. பாட்டுகளைச் சேமித்துவைக்கும் ஹார்ட் டிஸ்க் உள்ள சர்வரை முறைப்படி நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் துண்டிக்க வேண்டும். விளக்கு கொண்ட புரொஜெக்டர், அணைத்த பிறகும் சிறிது நேரம் மின்விசிறியால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அதைப் பாதியில் நிறுத்தினால் விளக்கின் ஆயுள் குறையும். ஏவி ரிசீவர்கள் சில நேரம் தாமாகவே மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஆளில்லாத வீட்டில் தொலைவிலிருந்து இயக்குவது எந்த நிலையிலும் வேண்டாம்: அதன் வால்வுகள் தொட முடியாத சூட்டில் எரிபவை, ஸ்பீக்கர் கம்பி கழன்றிருக்கும் நிலையில் அதை இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றியே போய்விடக்கூடும்.

மெல்ல அழுத்தினால் இயங்கும் பொத்தான் உள்ள கருவிகளில் பல, மின்சாரம் போய் வந்தால் காத்திருப்பு நிலையிலேயே நிற்கும், தாமாக இயங்கத் தொடங்காது. ஸ்மார்ட் பிளக் வாங்குவதற்கு முன்பே, கருவி ஓடும்போது சுவர்ச் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

மின்சாரம் போய் வரும்போது

பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளில், மின்சாரம் நின்று திரும்ப வந்தால் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு உண்டு: எப்போதும் ஆன், எப்போதும் ஆஃப், முன்பிருந்த நிலை. ஒலிக்கருவிகளுக்கு ‘எப்போதும் ஆஃப்’ என்பதையே வையுங்கள். மின்சாரம் திரும்பும்போது பல நேரம் இரண்டு மூன்று முறை வந்து வந்து போகும். ‘முன்பிருந்த நிலை’ என்று வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் எல்லா ஆம்ப்ளிஃபயர்களும் ஒரே கணத்தில், ஆறாத தெர்மிஸ்டர்களோடும் காந்தம் மிஞ்சிய உள்ளகங்களோடும் எழுந்து நிற்க முயலும். சுவிட்ச் தன் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது ரிலேயை விட்டுப் பிடிக்கும் வகையாக இருந்தால், தானாகப் புதுப்பிக்கும் அமைப்பையும் நிறுத்திவைக்கலாம்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தவே இதையெல்லாம் செய்கிறோம் என்றால், கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிகள் 2013 முதல் வீட்டு மின்னணுக் கருவிகளின் சாதாரணக் காத்திருப்பு நிலை மின்செலவை 0.5 வாட்டுக்குள் அடக்கியிருக்கின்றன. அந்த அளவில் ஆண்டு முழுக்கக் காத்திருந்தாலும் ஆகும் செலவு 4.4 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். வலைப்பின்னலோடு எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் ஸ்மார்ட் பிளக்கும் ஏறக்குறைய அதே அளவு மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆக, நல்ல காத்திருப்பு நிலை உள்ள புதிய கருவிக்கு ஸ்மார்ட் பிளக் போட்டு மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. பாட்டு ஓடாதபோதும் 50 வாட் எடுத்துக்கொண்டு சூடாக நிற்கும் பழைய ஆம்ப்ளிஃபயரில்தான் உண்மையான மிச்சம் இருக்கிறது: நாளில் 20 மணி நேரம் அதை அணைத்துவைத்தால் நாளொன்றுக்கு 1 யூனிட்.

மின்செலவை அளக்கும் ஸ்மார்ட் பிளக்கைக் கொண்டு, பாட்டு நின்றதைக் கண்டுபிடித்து அணைக்கலாம் என்ற யோசனை அழகானது, ஆனால் ஆம்ப்ளிஃபயரின் வாட் அளவை நம்பி அதைச் செய்ய முடியாது. அறையில் பேச்சுக்குரல் அளவில் பாட்டுக் கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலும் 1 வாட்டுக்கும் குறைவு. 50 வாட்டோடு அது சேர்ந்தாலும் மீட்டரில் வேறுபாடு தெரியாது. நள்ளிரவில் மெல்லிய ஆலாபனை ஒன்று பாதியில் அறுந்துபோகும். பாட்டைத் தரும் கருவி இப்போது ஒலிக்கிறதா, நின்றிருக்கிறதா என்ற அதன் சொந்த நிலையைக் கேட்டறிந்து, நின்று 20 நிமிடம் ஆனால் அணை என்று எழுதுவதே நம்பத்தக்கது.

எர்த், ஃபேஸ், பிளக்

ஸ்மார்ட் பிளக்கைச் சேர்த்த பிறகு ஸ்பீக்கரில் ‘ஹம்’ ஓசை எழுந்தால், எர்த் பின்னைத் துண்டித்துவிடும் பழைய பழக்கத்துக்கு ஒருபோதும் போகவேண்டாம். கருவிக்குள் கம்பி ஒன்று கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், மனிதர் தொடுவதற்குமுன் மின்சாரத்தை நிறுத்துவது அந்த எர்த்தான். இரண்டு கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகி, அவற்றை இணைக்கும் ஒலிக் கம்பியின் வழியாக ஒரு வளையம் உண்டாவதே பெரும்பாலும் அந்த ஓசைக்குக் காரணம். ஒலிக்கருவிகள் எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்துச் சாக்கெட்டுகளிலிருந்து எடுத்தால் பல நேரம் அது தானே அடங்கும்.

பல ஸ்மார்ட் பிளக்குகள் இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டுமே துண்டிக்கின்றன. சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், செயலியில் ‘ஆஃப்’ என்று காட்டும் கருவிக்குள் ஃபேஸ் அப்படியே நின்றுகொண்டிருக்கும். எனவே கருவியின் மூடியைத் திறக்கவோ பின்புறக் கம்பிகளை மாற்றவோ போகிறவர், செயலியை நம்பாமல் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதால், உள்ளே கை வைப்பது அதை அறிந்தவர் மட்டும் செய்யவேண்டிய வேலை.

எல்லாவற்றையும் இணைத்து முடித்ததும், கருவி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஸ்மார்ட் பிளக்கின் வெளி ஓட்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் தொடுமுனை தேய்ந்திருக்கிறது, அல்லது சாக்கெட் பிளக்கின் பின்களைத் தளர்வாகப் பிடித்திருக்கிறது. என் பிளக் ஒட்டிப்போன பிறகு, அடுத்து வாங்கிய மின்செலவு அளக்கும் பிளக்கில் நான் எழுதிய முதல் விதி ஒன்றுண்டு: ‘ஆஃப் கட்டளை கொடுத்து ஒரு நிமிடம் ஆன பிறகும் 5 வாட்டுக்கு மேல் ஓடினால் எனக்குத் தகவல் அனுப்பு.’ ரிலே ஒட்டிக்கொண்டால் சுவிட்சுக்குத் தெரியாது, தான் அணைத்துவிட்டதாகவே அது சொல்லும். ஆனால் அதே பெட்டிக்குள் இருக்கும் மீட்டர், ஓடும் மின்னோட்டத்தை உள்ளபடி சொல்லிவிடும். அப்படி ஒரு தகவல் வந்தால் பிளக்கைத் தட்டிப் பார்த்து ஒட்டைப் பிரிக்க முயலவேண்டாம், தட்டினால் பிரியவும் கூடும், ஆனால் ஒருமுறை உருகிய முனை அடுத்த முறை இன்னும் எளிதாக ஒட்டும். அதைப் பிடுங்கி, மின்னணுக் கழிவோடு போட்டுவிட்டு, பாய்ச்சலைத் தாங்கும் வேறொன்றை மாட்டுங்கள்.